ஸ்பூல், லிஃப்ட் பேக், கிணற்றில் விழுந்த மோட்டார்

கேள்வி இதுதான். அம்மாப்பேட்டைத் தம்பி ஒருவர் ஏற்காட்டில் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறார். பாண்டிச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற ஸ்கூபா டைவிங் அடிப்படைப் பயிற்சி முடித்து, இதுவரை எட்டு டைவ் போயிருக்கிறார். ஆன்லைனில் நூல் சுற்றிய ஒரு ஸ்பூலும், டைவர் இருக்கும் இடத்தை மேலே காட்டுகிற ஆரஞ்சு நிற மார்க்கர் மிதவையும் வாங்கி வைத்திருக்கிறார். அவற்றைப் பத்திரமாகப் பயன்படுத்துவது எப்படி என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: வாழப்பாடி பக்கம் மாமா தோட்டத்துக் கிணற்றில் கயிறு அறுந்து ஐந்து எச்.பி. மோட்டார் விழுந்துவிட்டது. ஒரு லிஃப்ட் பேக் (காற்றை நிரப்பி, மூழ்கிய பொருளை மேலே தூக்குகிற, அடிவாய் திறந்த பை) வாங்கி, தானே இறங்கித் தூக்கலாமா?

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இறங்காதீர்கள். நான் அந்தமானில் பத்து வருடம் டைவ் மாஸ்டராக இருந்துவிட்டு இப்போது சூரமங்கலத்தில் இருக்கிறேன். எங்கள் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றுக்கு நானே இறங்க மாட்டேன். நம் பக்கத்துக் கிணறு மேலே கொஞ்சம் கல்கட்டு, கீழே வெடி வைத்து இறக்கிய பாறை என்று இருக்கும். மேலே ஒருவர் கால் வைத்து ஒரு கல் உருண்டால், உள்ளே இருப்பவருக்கு ஒதுங்க இடமில்லை. அடியில் சேறு, பழைய கயிறு, அறுந்த கேபிள், எந்தக் காலத்திலோ விழுந்த பைப். காலில் மாட்டிய துடுப்பை ஒருமுறை அசைத்தால் போதும், கை தெரியாது. ஆழமான கிணற்றில் தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றையும் நம்ப முடியாது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்த இடத்திலேயே மயங்கிச் சரிந்துவிடலாம். கடலில் கற்ற எட்டு டைவ் இதில் எதற்கும் உங்களைத் தயார்ப்படுத்தவில்லை.

நம் பாட்டிகள் குடம் விழுந்தால் கிணற்றில் குதித்தார்களா? பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினார்கள். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் அது இருந்தது. இரவல் வாங்கும்போது ஒரு சொம்பைப் பிணையாக வைத்துவிட்டு வர வேண்டும். மோட்டாருக்கும் அதே வழிதான், அளவு மட்டும் பெரிது. கிணறு தூர்வாருகிற கிரேன்காரர் கொக்கியை விட்டுத் துழாவி எடுத்துவிடுவார். அரை நாள் வேலை.

ஆனால் லிஃப்ட் பேக் என்றால் என்ன, ஏன் அது ஆளைக் கொல்லக்கூடியது என்று தெரிந்துகொள்ள இந்த மோட்டாரே நல்ல கணக்கு. அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

நீங்கள் தினமும் பார்க்கிற ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் ஏற்காடு பஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி இறங்கும்போது அது தலையணை மாதிரி உப்பியிருக்கும். உள்ளே காற்று கூடவில்லை, வெளியே அழுத்தம் குறைந்திருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த மலை முழுவதும் ஏறி நீங்கள் கழற்றிவிடுகிற அழுத்தம் எவ்வளவு தெரியுமா? தண்ணீருக்குள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் மேலே வந்தால் குறைகிற அளவுதான். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆவது, தண்ணீரில் பத்து நொடிகூட ஆகாது.

இப்போது மோட்டார். அறுபது கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரும்பும் செம்பும் எட்டு லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். அதனால் தண்ணீருக்குள் அதன் எடை சுமார் 52 கிலோ. ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோவைத் தூக்கும். ஆக 52 லிட்டர் காற்று வேண்டும். 12 மீட்டர் ஆழத்தில் பையில் அந்த 52 லிட்டரை நிரப்பி மோட்டாரைக் கிளப்பிவிட்டீர்கள். மேலே வர வர அந்தக் காற்று விரிகிறது. மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல், சுமார் 115 லிட்டர். காற்று கூடக் கூட இழுவை கூடும், இழுவை கூடக் கூட வேகம் கூடும், வேகமாக ஏற ஏற இன்னும் விரியும். கிளப்பியது நீங்கள், நிறுத்துவது உங்கள் கையில் இல்லை.

பையின் அளவு முக்கியமாவது இங்கேதான். 60 லிட்டர் பை என்றால் அதற்கு மேல் விரிகிற காற்று அடிவாய் வழியாகக் கொட்டிவிடும். மிச்ச இழுவை எட்டுக் கிலோ, சமாளிக்கலாம். ‘பெரிசாவே இருக்கட்டும்’ என்று 100 லிட்டர் பையை மாட்டினீர்களானால் மேலே வரும்போது மிச்ச இழுவை 48 கிலோ. அது தூக்குவதில்லை, வீசுவது. வீட்டுக்கு வாங்குகிற கிரைண்டர் மாதிரி இதில் பெரிய சைஸ் நல்லது கிடையாது. சுமையின் எடையைவிடக் கொஞ்சமே கூடுதலாக இருக்க வேண்டும்.

இன்னொரு வம்பு சேறு. மோட்டார் சேற்றில் பாதி புதைந்திருந்தால் சேறு அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 52 லிட்டர் போட்டும் அசையாது. புதியவர்கள் எல்லாரும் இங்கே ஒரே தப்பைத்தான் செய்வார்கள்: இன்னும் கொஞ்சம் காற்று, இன்னும் கொஞ்சம். எண்பது லிட்டர் போன பிறகு சேறு திடீரென்று விடும். அப்போது அந்த மோட்டாரின் பக்கத்தில் யார் இருந்தாலும் கதை முடிந்தது. சரியான முறை, கணக்குப்படி போட வேண்டியதைப் போட்டுவிட்டு, காற்றை நிறுத்தி, சுற்றிச் சேற்றைக் கிளறி, பக்கவாட்டில் மெல்ல அசைத்து விடுவிப்பது. பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

கடலில் முறையாகச் செய்யும்போது என்ன செய்வோம் என்றால், சுமையைப் பட்டைக் கயிறாலோ சங்கிலியாலோ உறுதியான இடத்தில் கட்டுவோம். கைப்பிடி, வயர், பிளாஸ்டிக் மூடி இவற்றில் கட்டக் கூடாது. தூக்குவதற்கு முன்பே மேலே படகிலிருந்து ஒரு தனிக் கயிறு வந்து சுமையில் கட்டியிருக்கும். ஏனென்றால் அடிவாய் திறந்த பை மேலே வந்து குதித்ததும் சாய்ந்து, காற்று கொட்டி, சுமை அப்படியே திரும்ப உள்ளே போகும். இதனால்தான் அதன் நேர் கீழே யாரும் இருக்கக் கூடாது. அப்புறம் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவே நிறுத்திப் பார்த்துப் பார்த்துப் போடுவோம். சுமை தரையை விட்டு லேசாகக் கிளம்பியதும் காற்றை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நீந்தியபடி, பையின் மேலே இருக்கிற வால்வின் கயிற்றை இழுத்துக் காற்றை விட்டு விட்டு ஏற்றுவோம். கை மீறி வேகம் பிடித்தால் விட்டுவிட வேண்டியதுதான். பிடித்துத் தொங்கக் கூடாது.

பைக்குக் காற்று எங்கிருந்து? தனியாக ஒரு சிறு சிலிண்டரும் ரெகுலேட்டரும் இருந்தால் நல்லது. பலரும் தங்களுடைய ஆக்டோபஸை, அதாவது மாற்று ரெகுலேட்டரைப் பையின் அடிவாயில் நீட்டி அமுக்குவார்கள். செலவாகிற காற்று பெரிதில்லை. உங்கள் சிலிண்டரில் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் இருக்கும். இந்த மோட்டாருக்கு 115 லிட்டர்தான். பிரச்சினை அந்த ஹோஸ். அது பையின் கயிறுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, அந்த நேரம் பார்த்துச் சுமை கிளம்பினால், நீங்களும் சுமையோடு ஒரே கயிற்றில். அதற்கப்புறம் எவ்வளவு திறமை இருந்தாலும் பயனில்லை. ஸ்பூலோ, மார்க்கர் மிதவையோ, லிஃப்ட் பேக்கோ, எல்லாவற்றிலும் நான் முதலில் பார்ப்பது இதுதான்: மேலே போகப்போகிற பொருளோடு என் உடம்பில் எதுவும் கட்டப்பட்டிருக்கிறதா?

பி.சி.டி. ஜாக்கெட்டை, அதாவது காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்ய நாம் போட்டுக்கொள்கிற ஜாக்கெட்டை ஊதி, பொருளைக் கையில் கட்டிப்பிடித்துத் தூக்குவதும் இதே தப்பின் இன்னொரு முகம். பத்துக் கிலோ நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு ஜாக்கெட்டில் பத்து லிட்டர் காற்று ஏற்றிவிட்டீர்கள். பாதி வழியில் நங்கூரம் கை நழுவினால், அது கீழே போகும், நீங்கள் மேலே பறப்பீர்கள். ஏழு கிலோவுக்கு மேல் இருந்தால் கையில் தூக்காதே என்று பயிற்சியில் சொல்வது இதற்காகத்தான். பறந்தால் என்ன ஆகும் என்பது ஓப்பன் வாட்டரிலேயே சொல்லியிருப்பார்கள். நுரையீரல் நிறையக் காற்றை அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டருக்கும் குறைவாக மேலே வந்தவர்களுக்கே நுரையீரல் கிழிந்து, ரத்தத்தில் காற்றுக் குமிழி ஏறியிருக்கிறது. ஏற்காட்டு மலையின் சிப்ஸ் பாக்கெட் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற ஸ்பூலுக்கு வருவோம். இது நீங்கள் பழகியே ஆக வேண்டிய பொருள். பாண்டிக் கடலில் மீன்பிடி ஃபைபர் படகுகள் எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. கீழே நீங்கள் இருப்பதை மேலே காட்ட அந்த ஆரஞ்சு மிதவையை விட்டால் வேறு வழியில்லை.

உங்கள் வீட்டில் தறி இருந்திருந்தால் ஸ்பூலைப் பற்றிப் பாதி உங்களுக்குத் தெரிந்த மாதிரிதான். அம்மாப்பேட்டையில் தார் சுற்றுகிற அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை ராட்டையைச் சுற்றும். இன்னொரு கையின் இரண்டு விரல் நடுவே நூல் ஒரே இழுவையில் ஓடும். அந்த இழுவை தளர்ந்து சுற்றிய தார், நாடா ஓடும்போது அடுக்கடுக்காகச் சரிந்து சிக்கிவிடும். ஸ்பூலும் அப்படித்தான். தொளதொளவென்று சுற்றி வைத்த ஸ்பூல், மிதவை கிளம்பிய வேகத்தில் ஒரு சுற்று இன்னொரு சுற்றுக்குள் புதைந்து நின்றுவிடும். கடையிலிருந்து வந்ததை அப்படியே நம்ப வேண்டாம். மொத்தத்தையும் மொட்டை மாடியில் பிரித்து, ஒரு முனையைத் தூணில் கட்டி, இறுக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள். கடைசி முனை ஸ்பூலோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். கட்டாமலே விற்ற ஸ்பூலை நான் பார்த்திருக்கிறேன். மிதவை ஒரு பக்கம் போக, கையில் வெறும் பிளாஸ்டிக் வளையம் மிஞ்சியது.

கைப்பிடியும் சுழலும் உருளையும் உள்ள ரீலைவிட உங்களுக்கு ஸ்பூல்தான் பொருத்தம். ரீலில் நீளமான நூல் இருக்கும், சுற்றுவது சுலபம், ஆனால் அசையும் பாகங்கள் அதிகம். உருளைக்கும் சட்டத்துக்கும் இடையே நூல் நழுவிவிட்டால் தண்ணீருக்குள் அதை எடுக்க முடியாது. குகைக்குள் போகிறவர்களுக்கும், கலங்கிய தண்ணீரில் தேடுகிறவர்களுக்கும் ரீல் வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் கட்டி, கண்ணுக்கு எட்டுகிற தூரம் நூலை விட்டு ஒரு வட்டம், இன்னும் கொஞ்சம் விட்டு இன்னொரு வட்டம் என்று தேடுவது அவர்களுடைய வேலை.

நூலின் நீளம் நீங்கள் மிதவை விடும் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். நீரோட்டம் இருந்தால் நூல் நேராக நிற்காது, சாய்ந்துதான் போகும். கொக்கி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். ஸ்டீல் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சமையலறைப் பாத்திரத்து 304 ரக ஸ்டீலில் கடல் பட்டால் துருப்புள்ளி விழும். 316 வாங்குங்கள், அல்லது பித்தளை.

என் வலது ஆள்காட்டி விரலின் இரண்டாம் கணுவில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. நான் கற்றுக்கொண்ட புதிதில், ஸ்பூலின் நடு ஓட்டைக்குள் விரலை முழுசாக நுழைத்துப் பிடித்திருந்தேன். சொல்லிக்கொடுத்தவர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. 15 மீட்டரிலிருந்து மிதவையை விட்டேன், அதில் காற்றும் தேவைக்கு மேல். நூல் ஒரு சுற்று என் விரல் மேலேயே ஏறி இறுகியது. ஸ்பூல் நின்றது, நான் நிற்கவில்லை. நாலு மீட்டர் என்னை இழுத்துக்கொண்டு போன பிறகுதான் இடது கையால் நூலை அறுத்தேன். எண்ணூறு ரூபாய் மிதவை போனது, விரலில் எலும்பு தெரிந்தது. மேலே வந்த பிறகு வலியைவிட, வெட்டுக்கத்தி வலது இடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் ரொம்ப நேரம் ஓடியது. அன்றிலிருந்து இரண்டு கைக்கும் எட்டுகிற மாதிரி நெஞ்சுப் பட்டையில் ஒரு சின்ன நூல்வெட்டி. கத்தியைவிட அதுதான் நல்லது.

அதனால் பிடிக்கும் முறை இது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஸ்பூலின் இரண்டு பக்கமும் நுனியால் தாங்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் ஸ்பூல் சுழல வேண்டும். உள்ளங்கையில் சுற்றுவது, மணிக்கட்டில் மாட்டுவது, விடும்போது ஜாக்கெட்டின் வளையத்தில் கொக்கி போட்டு வைப்பது, மூன்றும் கூடாது.

விடுவதற்கு முன் உங்கள் மிதப்பு சமநிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலும் இல்லை, கீழும் இல்லை, அப்படியே நிற்க வேண்டும். இது வராமல் மிதவையைத் தொடவே கூடாது. கூட்டாளி கையெட்டும் தூரத்தில், உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். தலைக்கு மேலே யாரும் இல்லையா, படகின் சத்தம் இருக்கிறதா என்று ஒருமுறை. மிதவையை விரித்து, நூலைக் கொக்கியால் மாட்டி, ஸ்பூலை முன்னால் நீட்டிப் பிடியுங்கள். பிறகு ஒரே ஒரு மூச்சு. உள்ளே இழுத்தபோது நீங்கள் லேசாக மேலே எழும்புவீர்கள், அதை மிதவைக்குள் ஊதியதும் இறங்குவீர்கள். உங்கள் உடம்பிலிருந்த காற்று மிதவைக்குப் போகிறது, அதனால் மொத்தத்தில் கணக்கு சரியாகிவிடும். பத்து மீட்டரில் ஊதிய மூன்று லிட்டர் மேலே போனதும் ஆறு லிட்டர். அரைகுறையாக நிரம்பியது போலத்தான் கீழே தெரியும், மேலே போய் விரிந்துவிடும். போதவில்லை என்றால் அடுத்த தடவை இரண்டு மூச்சு. ஊதி முடித்த நொடியில் விட்டுவிடுங்கள். நூல் நின்றால், ஸ்பூல் சிக்கினால், ஏதாவது சந்தேகம் வந்தால் ஸ்பூலையும் சேர்த்து விடுங்கள். எட்டு டைவ் அனுபவத்துக்கு இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பெரிய விஷயம். காசு கொடுத்து வாங்கியது என்று கை தானாகவே இறுகும். அதைத்தான் பழக்க வேண்டும்.

மிதவை மேலே போய்ச் சேர்ந்ததும் நூலை லேசாக இழுத்துப் பிடித்தால்தான் அது நிமிர்ந்து நிற்கும். தளர விட்டால் தண்ணீரில் படுத்துவிடும், படகுக்காரருக்குத் தெரியாது. ஏறும்போது நூலைச் சுற்றிக்கொண்டே ஏறுங்கள். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேண்டாம். பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போது ஸ்பூலைக் கொக்கியால் பூட்டிவிடலாம். சுற்றாமல் விட்ட நூல் காலடியில் வளையம் வளையமாக மிதந்து துடுப்பில் மாட்டும். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, நீச்சல் குளத்தில் நாலு முறை செய்து பார்த்துவிட்டுக் கடலுக்குப் போங்கள். லிஃப்ட் பேக் ஆசை இருந்தால் அதற்கென்றே ‘சர்ச் அண்ட் ரெக்கவரி’ என்று தனிப் பயிற்சி இருக்கிறது. இன்னும் நாற்பது டைவ் போன பிறகு யோசிக்கலாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சேலத்தில் டைவிங் படித்த எல்லாருக்கும் வருகிற ஆசை ஒன்று: மேட்டூர். 1934இல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் உள்ளே இருக்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது இறங்கிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அது பரிசல்காரர்கள் வலை போடும் தண்ணீர். அறுந்து போன நைலான் வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. அனுமதியும் இல்லாமல், தெரிவுநிலையும் இல்லாமல் அங்கே ஸ்பூலோடு இறங்குவது, சிக்கலுக்குள் இன்னொரு சிக்கலைக் கொண்டுபோவது. நந்தியை மே மாதத்தில் கரையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு மட்டும் பொருந்துகிற ஒன்று பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பாண்டியில் இரண்டு டைவ் முடித்து, சாயங்காலம் பஸ் பிடித்து, அன்று ராத்திரியே ஏற்காட்டுக்கு ஏறுகிறீர்களா? அது விமானத்தில் ஏறுவதற்குச் சமம். 600 மீட்டருக்கு மேல் போகும் விமானப் பயணத்துக்கு டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பு சொல்கிற இடைவெளி, ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. உங்கள் விடுதி 1,500 மீட்டரில் இருக்கிறது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அழுத்தம் குறைந்தால் குமிழியாகும், அதற்கு விமானமும் பஸ்ஸும் ஒன்றுதான். ஞாயிறு ராத்திரி அம்மாப்பேட்டை வீட்டிலேயே படுங்கள். கடைசி டைவ் மதியம் இரண்டு மணிக்கு முடிந்தது என்றால், திங்கள் காலை எட்டு மணிக்கு மேல் மலை பஸ் ஏறலாம். வேலைக்குத் தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மோட்டார் விஷயத்தில், கிரேன்காரர் கொக்கியை இறக்குவதற்கு முன்னால் மாமாவிடம் மெயின் சுவிட்ச்சை அணைத்ததோடு விடாமல், ஃப்யூஸ் கேரியரையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அறுந்த கேபிள் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது.